தோன்றா எழுவாய்: தொலைமருத்துவ வரலாற்றில் மறுமுனையில் நின்றவர்கள்

தொலைமருத்துவத்தின் வரலாறு என்று எழுதப்படுபவை எல்லாவற்றுக்கும் ஒரே கதைப்பின்னல்தான். ஒரு நிபுணர் இருப்பார். அவர் கையில் ஒரு கருவி இருக்கும். எதிரே 'தூரம்' என்று ஒரு வில்லன் நிற்பான். கடைசி ரீலில் தூரம் தோற்கும், நிபுணர் ஜெயிப்பார், நோயாளி கையெடுத்துக் கும்பிடுவார். மருத்துவ மாநாட்டு மலர்களிலும் அரசாங்க அறிக்கைகளிலும் இந்தக் கதைதான் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. தந்தி போய்த் தொலைக்காட்சி வந்தது, அதுவும் போய்ச் செயற்கைக்கோள் வந்தது, இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. கதை மட்டும் மாறவில்லை.

இந்தக் கதையை அதன் மொழியிலிருந்து பிரித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. 'படம் அனுப்பப்பட்டது', 'இதயத்துடிப்பு கேட்கப்பட்டது', 'நோயாளி பரிசோதிக்கப்பட்டார்'. எல்லாம் செயப்பாட்டுவினை. யார் அனுப்பினார், யார் நோயாளியின் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கருவியை நெஞ்சில் வைத்தார் என்ற கேள்விக்கு இந்த வாக்கியங்களில் இடமில்லை. நம் இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு. 'நேற்று வந்தேன்' என்றால் 'நான்' வெளியே தெரியாது. ஆனால் வினைமுற்றின் விகுதி காட்டிக்கொடுத்துவிடும். தொலைமருத்துவ அறிக்கைகளில் அந்த விகுதியும் இல்லை. வேலை நடந்திருக்கிறது, செய்த ஆள் காணோம். அந்த ஆளைத் தேடிப்போவதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

1

முதலில் 'தூரம்' என்ற வில்லனை விசாரிப்போம். 1816இல் பாரிசில் லென்னக் என்ற மருத்துவர், இதயநோய் கொண்ட ஓர் இளம்பெண்ணின் மார்பில் நேராகக் காது வைத்துக் கேட்கக் கூசி, காகிதத்தைச் சுருட்டிக் குழலாக்கி அதன் வழியாகக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் பிறந்தது. பூக்கோ 1963இல் எழுதிய 'மருத்துவமனையின் பிறப்பு' நூலில் இந்தக் குழலுக்கு முக்கியமான இடமுண்டு. கூச்சம், ஒழுக்கம், வர்க்க அருவருப்பு எல்லாம் சேர்ந்து உண்டாக்கிய இடைவெளி அறிவியல் கருவியாக உருமாறிய கணம் அது. கருவி தூரத்தை அழிக்க வந்தது என்கிறார்கள். நவீன மருத்துவத்தின் அடையாளமாகிப்போன இந்தக் கருவியோ ஒரே அறைக்குள் ஒரு தூரத்தை ஏற்படுத்தவே வந்தது.

அடுத்தது 1905. நெதர்லாந்தின் லெய்டன் நகரில் ஐந்தோவன், இதயத்தின் மின்னசைவைப் பதிவு செய்யும் கால்வனோமீட்டரை உருவாக்கியிருந்தார். அதன் எடை ஏறக்குறைய 270 கிலோ. இயக்க 5 பேர் வேண்டும். ஆய்வகத்திலிருந்து மருத்துவமனைக்குச் சுமார் 1.5 கிலோமீட்டர். கருவியைக் கொண்டுபோக வழியில்லை. நோயாளிகளைக் கொண்டுவருவதும் கஷ்டம். தொலைபேசிக் கம்பியை இழுத்தார்கள். நோயாளி மருத்துவமனையில் உப்புநீர்த் தொட்டிகளில் கையையும் காலையும் வைத்து உட்கார்ந்திருக்க, அவர் இதயம் 1.5 கிலோமீட்டருக்கு அப்பால் கோடாக வரையப்பட்டது. ஐந்தோவனுக்கு 1924இல் நோபல் பரிசு கிடைத்தது. அது நியாயமானதுதான். நாம் கவனிக்க வேண்டியது கம்பி ஓடிய திசையை. நிபுணரும் கருவியும் இடம்பெயரவில்லை. நோயுற்ற உடல்தான் தன்னைக் குறிகளாக மாற்றி மையத்துக்கு அனுப்பிக்கொடுத்தது. மையம் அசையாது, விளிம்பு சேதி அனுப்பும் என்ற ஏற்பாடு அங்கே ஆரம்பமாகிவிட்டது.

2

'தொலைமருத்துவம்' என்ற சொல்லைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் பாஸ்டன் நகரின் கென்னத் பேர்ட். 1960 அக்டோபரில் அந்நகர லோகன் விமான நிலையத்தில் நடந்த விபத்தில் 62 பேர் இறந்தார்கள். அதன்பின் 1963இல் அங்கே ஒரு மருத்துவ நிலையம் திறந்தார்கள். 24 மணி நேரமும் அங்கே இருந்தவர்கள் செவிலியர்கள். மருத்துவர் வருவது கூட்டம் மிகுந்த சில மணி நேரங்களில் மட்டும். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்கும் விமான நிலையத்துக்கும் நடுவில் இருந்தது சில மைல்தான். ஆனால் பாஸ்டன் போக்குவரத்து நெரிசலில் அது பெரும்பாடு. 1968இல் மைக்ரோவேவ் வழியாக இருமுனைத் தொலைக்காட்சி இணைப்பு வந்தது. ஆயிரம் நோயாளிகளைப் பார்த்த அனுபவத்தை 1974இல் மர்பியும் பேர்டும் கட்டுரையாக வெளியிட்டார்கள். தொலைமருத்துவத்தின் தொடக்க ஆவணங்களில் ஒன்றாக இன்றும் அது மதிக்கப்படுகிறது.

ஆயிரம் பேரில் ஒருவர் உடலையாவது மருத்துவரின் விரல் தொட்டிருக்குமா? தொட்டவர்கள் செவிலியர்கள். ஸ்டெதஸ்கோப்பை எங்கே வைப்பது, காமிராவுக்கு முன் நோயாளியை எப்படித் திருப்புவது, பதறுகிறவரை எப்படி உட்காரவைப்பது என்பதெல்லாம் அவர்கள் கை அறிந்த வித்தை. அந்தக் கை அறிவு இல்லாவிட்டால் மருத்துவரின் திரையில் வெறும் சாம்பல் நிறப் புள்ளிகள்தான் மிஞ்சும். ஆனால் வரலாற்றில் நின்ற பெயர் பேர்ட்.

தூரம் என்பது மைல் கணக்கு இல்லை என்பதற்கு இதே காலத்து நியூயார்க்கைப் பாருங்கள். 1970களின் தொடக்கத்தில் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரி, ஈஸ்ட் ஹார்லெமின் வாக்னர் குடியிருப்பிலிருந்த குழந்தைநல நிலையத்தைக் கேபிள் தொலைக்காட்சியால் இணைத்தது. இந்த முனையில் மருத்துவர், அந்த முனையில் செவிலியர். நடுவில் இருந்தது நடந்தே போய்விடக்கூடிய தூரம். ஒரு பக்கம் ஐந்தாம் அவென்யூ. மறுபக்கம் கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோ மக்களும் வாழ்ந்த அரசுக் குடியிருப்பு. கேபிள் கடந்தது கிலோமீட்டரை அல்ல, நிறத்தையும் வர்க்கத்தையும். கடந்தது என்றும் சொல்லக் கூடாதோ என்னவோ. மருத்துவர் தெருவைக் கடக்காமலே வேலையை முடிக்க அது வழிசெய்தது. நம்மூரில் ஊருக்கும் சேரிக்கும் நடுவில் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டுப் பார்த்தால் இது உடனே விளங்கும்.

3

1970களில் நாசாவுக்கு ஒரு கவலை. மாதக்கணக்கில் விண்வெளியில் இருக்கப்போகிறவர்களுக்கு நோய் வந்தால் யார் பார்ப்பது? அதற்கான ஏற்பாட்டைப் பூமியில் சோதித்துப் பார்க்க இடம் தேடியது. தேர்ந்தெடுத்தது அரிசோனா பாலைவனத்தில் பாபகோ பழங்குடிகளின் ஒதுக்கீட்டு நிலத்தை. திட்டத்தின் பெயர் ஸ்டார்பாக். நாசா, அமெரிக்கப் பழங்குடிகள் சுகாதாரப் பணி, லாக்ஹீட் நிறுவனம் ஆகியவை கைகோத்தன. செல்ஸ் என்ற ஊரின் மருத்துவமனை, சான்டா ரோசா மருத்துவ நிலையம், எக்ஸ்ரே கருவியும் காமிராவும் பொருத்திய ஒரு நடமாடும் வண்டி, ஃபீனிக்ஸ் நகர நிபுணர்கள் எல்லாம் ஒரே வலைப்பின்னலில் சேர்ந்தன.

அந்த மக்கள் எப்படி 'தொலைவில்' போனார்கள்? 1853இல் ஒப்பந்தமாகி அடுத்த ஆண்டு நிறைவேறிய காட்ஸ்டன் நில வாங்கல் அவர்கள் நிலத்தின் நடுவே அமெரிக்க-மெக்சிகோ எல்லையைப் போட்டது. பிறகு ஒதுக்கீட்டுப் பகுதி என்று வேலி. பாபகோ என்ற பெயரே அயலார் வைத்தது. 1986இல் அவர்கள் அதைத் தூக்கியெறிந்து, தோஹோனோ ஓதாம், 'பாலைவன மக்கள்' என்ற சொந்தப் பெயரை அதிகாரபூர்வமாக்கிக்கொண்டார்கள். ஒரு மக்களை அரசு ஒதுக்கிவைக்கிறது. அதே அரசு, 'ஐயோ எவ்வளவு தொலைவில் இருக்கிறார்கள்' என்று செயற்கைக்கோள் அறிவோடு வருகிறது. இந்த முரணை நாசா அறிக்கைகளில் தேடிப் பயனில்லை.

அந்த வண்டியில் போனவர் மருத்துவர் இல்லை, 'சமூக சுகாதார மெடிக்'. பழங்குடி மக்களிலிருந்தே ஆட்களை எடுத்து நோய் பார்க்கவும் சிகிச்சை தரவும் பயிற்றுவித்த திட்டம் அது. ஊருக்கு ஊர் வண்டி போகும். மெடிக் நோயாளியைப் பார்ப்பார். தேவைப்பட்டால் திரையில் மருத்துவர் வருவார். 1977இல் சோதனை முடிந்தது. ஆய்வாளர் ரஷீத் பாஷுர் 1980இல் அதைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பு, 'தொழில்நுட்பம் மக்களுக்குச் சேவை செய்கிறது' என்று பொருள்படும். தலைப்பின் எழுவாயைக் கவனியுங்கள்: சேவை செய்தது தொழில்நுட்பமாம்.

இதற்கு நேரெதிர் அலாஸ்கா. அங்கே காசநோய் கிராமம் கிராமமாகத் தின்ற காலத்தில், மருந்து கொடுக்கவும் கவனிக்கவும் ஊர்க்காரர்களே, பெரும்பாலும் பெண்கள், முன்வந்தார்கள். 1968இல் அவர்கள் 'சமூக சுகாதார உதவியாளர்கள்' என்று சம்பளமும் பயிற்சியும் உள்ள அமைப்பானார்கள். மருத்துவரோடு பேச அவர்களிடம் இருந்தது சிற்றலை வானொலி. வடதுருவ வானத்தின் சேட்டைகளால் அது நாள்கணக்கில் ஊமையாகிவிடும். 1971இல் ஏடிஎஸ்-1 செயற்கைக்கோள் 26 இடங்களை இணைத்தபோது குரல் தெளிவாகப் போனது. அங்கே கருவிக்கு முன்பே ஆள் இருந்தார். ஆளுக்கு ஒரு கருவி கிடைத்தது, அவ்வளவுதான். பரிசோதனைப் பணம் தீர்ந்ததும் 70களின் தொலைமருத்துவத் திட்டங்கள் பல மூடப்பட்டன. அலாஸ்காவின் உதவியாளர்கள் 170க்கும் மேற்பட்ட கிராமங்களில் இன்றும் இருக்கிறார்கள். தங்களுக்கென்று ஒரு கையேடும் வைத்திருக்கிறார்கள். என் வாதத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

4

இங்கே கதை நம் பக்கம் திரும்புகிறது. 1974இல் ஏவப்பட்ட ஏடிஎஸ்-6 என்ற செயற்கைக்கோள் அலாஸ்காவில் மருத்துவச் சோதனைகளுக்குப் பயன்பட்டது. அங்கே கிராமத்து உதவியாளர் பேசலாம், மருத்துவர் பதில் சொல்லலாம். 1975இல் அதே செயற்கைக்கோளை ஆப்பிரிக்காவின் கிழக்கு வானத்துக்கு நகர்த்தி இந்தியாவுக்கு ஓராண்டு கொடுத்தார்கள். 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை 6 மாநிலங்களில் ஏறக்குறைய 2,400 கிராமங்களுக்குக் கோழிவலைக் கம்பியால் ஆன 3 மீட்டர் கிண்ணங்கள் வழியாகத் தொலைக்காட்சி வந்தது. விவசாயம், சுகாதாரம், குடும்பக் கட்டுப்பாடு எல்லாம் சொல்லித்தந்தது. அலாஸ்காவில் பேச்சு இருமுனை, இங்கே ஒருமுனை. கிராமம் கேட்கும், டில்லியும் அகமதாபாத்தும் சொல்லும். அது அவசரநிலைக் காலம் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பத்திரிகைகளின் வாயைக் கட்டிவிட்ட நேரத்தில்தான் கிராமத்துக்குத் தொலைக்காட்சியின் காது கொடுக்கப்பட்டது.

அடுத்து 2000 மார்ச். அப்போலோ குழுமம் ஆந்திராவின் அரகொண்டாவில் அமைத்த தொலைமருத்துவ நிலையத்தை அன்றைய அமெரிக்க அதிபர் கிளிண்டன் தொடங்கிவைத்தார். 2001இல் இஸ்ரோ தன் செயற்கைக்கோள் இணைப்புகளோடு இறங்கியது. 2019 நவம்பரில் ஒன்றிய அரசின் இ-சஞ்சீவனி வந்தது. 2020 மார்ச் 25, நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், தொலைமருத்துவ நெறிமுறைகள் வெளியாயின. 2023 பிப்ரவரியில் இ-சஞ்சீவனி ஆலோசனைகள் 10 கோடியைத் தாண்டியதாக அரசு அறிவித்தது. 10 கோடி என்பது சாதாரணமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் பெரும்பகுதி, நோயாளி தன் போனில் மருத்துவரைக் கூப்பிட்டுப் பேசியது அல்ல. துணை சுகாதார நிலையத்தில் ஒரு செவிலியர் உட்கார்ந்து, நோயாளியையும் மருத்துவரையும் திரையில் சேர்த்துவைக்கும் ஏற்பாடு அது. 2020 நெறிமுறைகளிலும் 'சுகாதாரப் பணியாளர்' உண்டு. விளக்கவேண்டியதும் அவர், அவசரத்தில் முதலுதவி செய்யவேண்டியதும் அவர். தீர்மானிக்கிறவர் மட்டும் மருத்துவர்.

தென்மாவட்டம் ஒன்றில் அப்படியொரு நிலையத்தில் ஒரு செவிலியரிடம் பேசிக்கொண்டிருந்தேன். ஒப்பந்த வேலை, தொகுப்பூதியம். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "டாக்டர் போன்ல 'வயித்த அமுக்கிப் பாருங்க சிஸ்டர்'ம்பாரு. அமுக்குறது நான். எந்த எடத்துல கை வச்சா அந்தம்மா மொகம் சுருங்குதுன்னு பாக்குறது நான். இங்க சிக்னல் போயிரும், வெளிய வேப்பமரத்தடிக்குப் போயி போனத் தூக்கிப் புடிக்கிறதும் நான்தான் சார். பதிவுல 'டாக்டர் பார்த்தார்'னு வரும். அது கெடக்கட்டும். நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா மட்டும் 'அங்க யாரு இருந்தா'ன்னு கேப்பாங்க."

கடைசி வாக்கியத்தில் இருக்கிறது விஷயம். நல்லது நடந்தால் தோன்றா எழுவாய். கெட்டது நடந்தால் உடனே பெயரும் பதவியும் சொல்லித் தேடப்படும் எழுவாய். இலக்கணம் இங்கே ஒழுங்கு நடவடிக்கையாக மாறிவிடுகிறது. 2008 முதல் தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கணினியில் பதிந்து பின்தொடரும் பிக்மி வந்தபிறகு கிராம சுகாதார செவிலியர்களின் வேலை எப்படி ஆனது என்று கேட்டால், பதிவேட்டில் ஒருதரம், கணினியில் ஒருதரம் எழுதிய கதையை அவர்களே சொல்வார்கள். கர்ப்பிணிகளைப் பார்க்க வேண்டிய நேரம் கர்ப்பிணிகளைப் பற்றிய தரவைப் பார்க்கப் போனது.

5

இப்போதைய நிபுணர் மனிதரே இல்லை. 2016இல் கூகுள் ஆய்வாளர்கள், சர்க்கரை நோயால் விழித்திரையில் வரும் பாதிப்பைப் படம் பார்த்தே கண்டுபிடிக்கும் கணினி முறையை வெளியிட்டார்கள். 1,28,175 படங்களால் அதற்குப் பயிற்சி. அமெரிக்காவிலிருந்தும், அரவிந்த், சங்கர நேத்ராலயா உள்ளிட்ட இந்தியக் கண் மருத்துவமனைகளிலிருந்தும் படங்கள் வந்தன. தரம் பிரித்த கண் மருத்துவர்கள் 54 பேர். இந்த 54ஐ எல்லோரும் சொல்கிறார்கள். படம் எடுத்த கைகள் எத்தனை என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தக் கைகள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது தாய்லாந்தில் தெரிந்தது. 2018, 2019இல் அங்கே 11 சுகாதார நிலையங்களில் இந்த முறையைச் செவிலியர்கள் கையில் கொடுத்தார்கள். கூகுளின் சொந்த ஆய்வாளர்களே 2020இல் எழுதியது: 1,838 படங்களில் 21 சதவீதத்துக்கும் மேல் 'தரமில்லை' என்று எந்திரம் தள்ளிவிட்டது. ஆய்வகத்து இருட்டறை அங்கே இல்லை. இணைய வேகமும் இல்லை. எந்திரம் தள்ளிய நோயாளி வேறொரு நாள், வேறொரு ஊருக்குக் கண் மருத்துவரைப் பார்க்கப் போக வேண்டும். அந்த அலைச்சல் என்னவென்று தெரிந்த செவிலியர்களில் சிலர், இந்தச் சோதனையில் சேர வேண்டாம் என்று நோயாளிகளிடமே சொல்லிவிட்டார்கள். நிபுணர் பார்வையில் அது ஒத்துழையாமை. என் பார்வையில் அந்த அறையில் இருந்த ஒரே மருத்துவ அறிவு அதுதான். 'மேல் சிகிச்சைக்குப் போ' என்ற சொல்லுக்கு எத்தனை நாள் கூலி போகும், எத்தனை பஸ் மாற வேண்டும் என்ற கணக்கு அவர்களிடம் இருந்தது, எந்திரத்திடம் இல்லை.

6

இப்படியெல்லாம் எழுதினால், 'தொழில்நுட்ப எதிர்ப்பு' என்று ஒரு முத்திரை தயாராக இருக்கும். நம் தோழர்கள் சிலரும் அந்த முத்திரையைப் பெருமையாக ஏற்றுக்கொள்கிறார்கள். எங்களுக்கு முந்தைய தலைமுறை பூக்கோவிடமிருந்து 'கண்காணிப்பு' என்ற சொல்லைக் கொண்டுவந்து தந்தது. அது பெரிய கொடை. ஆனால் எல்லாத் திரையையும் கண்காணிப்புக் கோபுரமாகவே பார்த்துப் பழகிவிட்டால், பிரசவ வலியில் இருக்கும் பெண்ணுக்கு இரவு 2 மணிக்கு ஒரு மருத்துவரின் குரல் கிடைப்பது என்ன என்பது நமக்குப் புரியாமல் போய்விடும். பூக்கோவின் பார்வைக் கோட்பாட்டிலும் ஒரு குறை: பார்க்கிறவர் இருக்கிறார், பார்க்கப்படுகிறவர் இருக்கிறார், விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறவர் இல்லை.

அரவிந்த் கண் மருத்துவமனை 2004 முதல் தேனிப் பக்கம் தொடங்கிப் பரப்பிய பார்வை மையங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கிராமத்துப் பெண்களுக்கு முறையாகப் பயிற்சி கொடுத்து, கண்ணைப் பார்க்கவும் கண்ணாடிக்கு அளவெடுக்கவும் வைத்து, பிறகு திரையில் மருத்துவரோடு இணைத்தார்கள். அது தனியார் அறக்கட்டளையின் ஏற்பாடு, அரசின் கடமைக்கு மாற்றாக முடியாது. ஆனாலும் அலாஸ்கா சொன்ன பாடத்தையே அதுவும் சொல்கிறது: மறுமுனையில் ஆளை உருவாக்கினால் கம்பி உயிரோடு இருக்கும்.

நம் அகப்பாட்டு மரபில் தலைவனுக்கும் தலைவிக்கும் நடுவே தூது போகிறவளுக்கு ஒரு மரியாதை உண்டு. அவள் வெறும் ஊடகம் இல்லை. 'தோழி கூற்று' என்று தனியாகத் துறையே வகுத்தார்கள். தலைவி சொல்ல முடியாததை அவள் சொல்வாள், தலைவனை மறுப்பாள், நேரம் பார்த்துப் பேசுவாள். 120 ஆண்டுத் தொலைமருத்துவ வரலாற்றில் தோழிக்குக் கூற்று இல்லை. 'டாக்டர், நீங்க சொல்றது இந்தம்மாவுக்கு ஒத்துவராது' என்று அவள் சொன்னால் அதைப் பதிய அந்தச் செயலியில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

ஆகவே கேட்க வேண்டியவை மிக எளியவை. ஆலோசனைப் பதிவில் மருத்துவர் பெயரோடு, உடலைத் தொட்டுப் பார்த்தவரின் பெயரும் அவர் கண்டதும் இடம்பெற வேண்டும். அவர் மாறுபட்டால் அந்த மாறுபாடு பதிவாக வேண்டும். ஒப்பந்தமும் தொகுப்பூதியமும் போய் நிரந்தர வேலை வர வேண்டும். புதிய மென்பொருள் எதையும் தலைநகரில் தீர்மானிக்கும்முன் துணை நிலையத்தில் இருப்பவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். செவிலியர் சங்கங்கள் தெருவில் நின்று இவற்றில் சிலவற்றைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. எழுதுகிறவர்களாகிய நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்தமுறை 'தொழில்நுட்பம் கிராமத்தை எட்டியது' என்று எவராவது எழுதினால், அந்த வாக்கியத்துக்கு எழுவாய் யார் என்று விடாமல் கேட்பது.